கூட இருப்பவருக்கு எத்தனை நாள் கெடு?

“பத்து நாள் டைம் தாரேன் தம்பி, வேற ரூம் பாத்துக்கிடு.”

சேரன்மகாதேவியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்திருந்த வாடகை வீட்டின் திண்ணையில், ஓர் ஆனி மாதக் கடைசியில் நான் இப்படிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் என்னைவிட ஆறு வயது இளையவர். செல்போன் கடையில் வேலை. வாடகையில் ஒரு நாள் பாக்கி வைத்ததில்லை. என் சித்தி மகனுக்குப் பக்கத்துக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அவனுக்குப் படுக்க இடம் வேண்டும், அவ்வளவுதான் காரணம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என்னண்ணே இப்படிச் சொல்லுதிய? அடுத்த வாரம் ஆடில்லா பொறக்கு. ஆடியில யாருண்ணே வீடு தருவா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஒரே வீட்டில் சேர்ந்து தங்கியிருப்பவரைப் போகச் சொல்ல எத்தனை நாள் கெடு கொடுக்க வேண்டும் என்பதைச் சட்டத்திலும் வழக்கத்திலும் தேடிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் இடையில் எழுதப்பட்ட சட்டங்கள் நிறைய உண்டு. சேர்ந்து தங்கும் இரண்டு பேருக்கு இடையில் என்ன நியாயம் என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. முதலில் அந்தக் கூட்டாளி யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரரிடம் எழுதிய ஒப்பந்தத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் மூவருக்கும் ஒரே உரிமை. ஒருவர் மற்றவரைப் பார்த்து ‘போ’ என்று சொல்லவே முடியாது. கேட்கத்தான் முடியும். ஆனால் நம் பக்கத்தில் அப்படி எழுதுவது அபூர்வம். ஒருவர் பெயரில் வீடு, மற்றவர்கள் அவரிடம் பங்கு கொடுப்பார்கள். மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் அவர் எல்லோரிடமும் வாங்கி வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். எங்கள் வீட்டில் அந்த ‘அவர்’ நான்.

இப்படிப் பங்கு கொடுத்து இருப்பவர் உள்வாடகைதாரரா, அல்லது அனுமதியின் பேரில் தங்கியவரா? 1882-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி, ஒரே நாளில் இரண்டு சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஒன்று சொத்து மாற்றச் சட்டம், மற்றொன்று இந்திய வசதியுரிமைச் சட்டம். முதலாவது குத்தகையையும் வாடகையையும் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது, தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கும் மத்திய மாகாணங்களுக்கும் குடகுக்கும் மட்டுமே பொருந்தியது, ‘உரிமம்’ என்ற ஒன்றைப் பற்றிப் பேசுகிறது: ஒருவருடைய இடத்தில் அவர் அனுமதியோடு இருந்துகொள்வது. எது வாடகை, எது உரிமம் என்று பிரிப்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுவது, டெல்லி இம்பீரியல் ஓட்டலின் இரண்டு அறைகளில் தொழில் நடத்திய ஒருவர் தொடர்பாக 1959-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. எழுதிய காகிதத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது முக்கியமில்லை. இருவரும் எதை மனதில் கொண்டு ஒப்புக்கொண்டார்கள், அந்த இடம் அவருடைய தனி அனுபவத்தில் விடப்பட்டதா என்பதே கேள்வி. தனிச் சாவி, தனிக் கதவு, உள்ளே யாரும் வரக்கூடாது என்ற நிலை இருந்தால் வாடகைப் பக்கம் சாயும். பாயை எங்கே விரித்தாலும் சரி, ஒரே சமையல்கட்டு, ஒரே குளியலறை, ஒரு சாவி ஜன்னல் மேலே இருக்கும் என்றால் அது பெரும்பாலும் உரிமம்.

வாடகை என்றால் சொத்து மாற்றச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகையை முடிக்க 15 நாள் எழுத்துமூலமான அறிவிப்பு. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு, அந்த 15 நாள் வாடகை மாதத்தின் கடைசி நாளோடு முடிய வேண்டும் என்றும் இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தேதி தவறிய அறிவிப்புகளைச் செல்லாமல் ஆக்குவதற்காக ஏராளமான வழக்குகள் நடந்தன, அதனால்தான் எடுத்துவிட்டார்கள். சட்டத்துக்கு அது வசதி. ஆனால் மாதக் கடைசியோடு முடிய வேண்டும் என்ற அந்தப் பழைய நிபந்தனையில் சம்பளக்காரரின் வாழ்க்கை தெரிந்த யாரோ ஒருவரின் கை இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

உரிமம் என்றால் நாள் கணக்கே கிடையாது. வசதியுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, உரிமம் திரும்பப் பெறப்பட்டால் அவர் இடத்தை விட்டுப் போகவும் தன் பொருள்களை எடுத்துக்கொள்ளவும் ‘நியாயமான கால அவகாசம்’ உண்டு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அடுத்த பிரிவு இன்னும் முக்கியம்: பணம் கொடுத்துத் தங்கியவரை, அவர் மேல் தவறு எதுவும் இல்லாமல், கொடுத்த பணத்துக்கான காலம் முடியும் முன் வெளியேற்றினால் இழப்பீடு கேட்கலாம். மாத வாடகையை ஒன்றாம் தேதி வாங்கிவிட்டுப் பன்னிரண்டாம் தேதி போகச் சொல்பவர் இந்தப் பிரிவை ஒரு தடவையாவது படித்திருக்க வேண்டும். அன்று நான் படித்திருக்கவில்லை.

போகச் சொல்லும் ஆளுக்கும் சட்டத்தில் ஒரு பலவீனம் உண்டு. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு சொத்து உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான முன் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. பங்கு வாங்கிக்கொண்டு ஆள் சேர்த்தவர்களில் எத்தனை பேரிடம் அந்தக் காகிதம் இருக்கும்? தகராறு முற்றி வீட்டுக்காரர் காதுக்குப் போனால் எல்லோருமே வெளியே போக வேண்டியிருக்கலாம். அதனால்தான் இந்தச் சண்டைகள் நீதிமன்றப் படியேறுவதே இல்லை. திண்ணையிலும் டீக்கடையிலும் முடிகின்றன. யார் இளையவரோ, யாருக்கு அந்த ஊரில் சொந்தபந்தம் இல்லையோ, அவர் தோற்றுப்போகிறார்.

வழக்கம் என்ன சொல்கிறது? யாரைக் கேட்டாலும் “ஒரு மாசம் முன்னாடி சொல்லிடணும்” என்பார்கள். ஒரு மாதம் நல்ல கணக்குதான். ஒரு சம்பளத் தேதி அதற்குள் வந்துவிடும், நான்கு ஞாயிற்றுக்கிழமை வீடு தேடக் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு மாதத்தையும் வெறும் எண்ணாக ஆக்கிவிடுவது அட்வான்ஸ்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டு வாடகை 6,000, மூன்று பேர், ஆளுக்கு 2,000. வீட்டுக்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸ் 30,000, ஆளுக்கு 10,000. ஒருவர் போகிறார். வீட்டுக்காரர் அவருடைய பத்தாயிரத்தைத் திருப்பித் தரமாட்டார். வீடு முழுக்கக் காலியானால்தான் அவர் பையைத் திறப்பார். புதிய சட்டப்படி வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக மீதியைத் தந்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கும் பேர் எழுதியவருக்கும் இடையில் உள்ளது. ஆக, போகிறவருக்குப் பணம் தர வேண்டியது கூட இருந்தவர்தான். அவர் கையில் பத்தாயிரம் இருக்காது. அடுத்து வருகிற ஆளிடம் வாங்கித்தான் தருவார். அடுத்த ஆள் இவர் போன பிறகுதான் வருவார். போகிறவரோ புது ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்தால்தான் போக முடியும். மூன்று பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பது போல இது.

இதில் சில்லறைக் கணக்கும் சேரும். நம் மாநிலத்தில் மின்கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. நடுவில் போகிறவருடைய இபி பங்கு எவ்வளவு என்று அவர் போகும் நாளில் யாருக்கும் தெரியாது. “கார்டு வந்ததும் பாத்துக் கழிச்சுக்கிடுதேன்” என்று ஓர் ஐந்நூறு, ஆயிரத்தைப் பிடித்து வைப்பார்கள். சிலிண்டருக்குப் போட்ட பணம், சேர்ந்து வாங்கிய மிக்சி, டேபிள் ஃபேன். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்காத வீட்டில்கூட இரண்டாயிரம் ரூபாய் இப்படியே கரைந்துபோகும். மாதம் பன்னிரண்டாயிரம் வாங்குகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: கெடு என்பது சொன்ன நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கக் கூடாது, அட்வான்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து ஓட வேண்டும். முழுவதும் முடியாவிட்டால் பாதியாவது அன்றே தர வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால், அவர் பங்கு வாடகையை வாங்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொண்டே வந்து, கழியும்வரை அவரை இருக்க விட வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அது ஐந்து மாதம். நீளமாகத் தெரிந்தால், பணத்தைப் புரட்ட வேண்டியது போகச் சொல்கிறவரின் வேலை.

இனி ஆடி. வெளியூர்க்காரர்களுக்கு இது மூடநம்பிக்கையாகத் தெரியலாம். நம்புகிறோமா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை புதிதாக யாரையும் குடிவைக்க மாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் நினைத்தால், தேடுகிறவர் நம்பிக்கை எதுவாக இருந்தாலும் அவருக்கு வீடு கிடையாது. “ஆடி கழியட்டும், ஆவணி பொறந்து பால் காய்ச்சிக்கிடுங்க” என்பார்கள், மரியாதையாகத்தான் சொல்வார்கள். மார்கழியிலும் இதே கதை. கல்லூரிகளில் சேர்க்கை நடப்பதும் பெரும்பாலும் அந்த ஜூலை, ஆகஸ்டில்தான். புதுப் பையன்கள் தங்க இடம் தேடுவதும், பழைய ஆளைப் போகச் சொல்ல நேர்வதும், ஊரில் கதவுகள் சாத்திக் கிடப்பதும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. ஆனிக் கடைசியில் சொன்ன ஒரு மாதக் கெடு ஆடிக் கடைசியில் முடியும். அதற்குள் ஒரு நல்ல நாளும் இருக்காது. ஆடிக்கு முன் சொல்வதென்றால் வைகாசியிலேயே சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஆவணி பத்துவரை பொறுக்க வேண்டும். பரீட்சை நேரத்துக்கும் இதையே சொல்வேன். செமஸ்டர் தேர்வு நடக்கும் மூன்று வாரத்தை மாணவனுக்குக் கொடுத்த கெடுவில் சேர்த்து எண்ணுவது அவன் படிப்பில் கை வைப்பது.

எல்லோருக்கும் ஒரே முப்பது நாள் என்பதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நம் ஊர்களில் வீடு கேட்டுப் போகிறவரிடம் வாடகையைச் சொல்வதற்கு முன்பு கேட்கப்படும் கேள்விகளை நாம் எல்லோரும் அறிவோம். “எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? அப்பா பேரு என்ன?” சாதியை நேராகக் கேட்பவர் குறைவு, தெருவைக் கேட்டால் போதும். முஸ்லிம் பையன் பெயரைச் சொன்னதுமே சில இடங்களில் “வீட்ல கேட்டுச் சொல்லுதேன்” என்ற பதில் வந்துவிடும். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் ரூம் கிடைத்துவிடுகிற ஒருவருக்கும், எட்டு ஞாயிறு அலைந்தும் கிடைக்காத ஒருவருக்கும் ஒரே கெடு கொடுத்துவிட்டுச் சமமாக நடத்தினேன் என்று சொல்ல முடியாது.

இந்த ஊரில் இதைப் பேசும்போது குருகுலத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் நடத்திய குருகுலத்தில், ஒரே கூரையின் கீழ் தங்கிப் படித்த பிள்ளைகளில் பிராமணப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தனியாகப் போடப்பட்டது வெளியே தெரிந்தது. காங்கிரஸ் நிதியும் பெற்ற நிறுவனம் அது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். காந்திவரை விவகாரம் போனது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசத்துக்கு மேலே அருவியில் மூழ்கி இறந்துபோனார். அதே ஆண்டின் கடைசியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். ஒரு விடுதியின் சாப்பாட்டு வரிசை தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்டது என்று வரலாற்றில் படிக்கிறோம். ஆனால் சேர்ந்து தங்குவதில் யார் யாரோடு என்ற கேள்வி அங்கே முடிந்துவிடவில்லை. இப்போது அது வாடகை வீட்டு வாசலில் தெருப் பெயராக நின்று கேட்கிறது.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தேன். இங்கிலாந்தில் வீட்டுக்காரரோடு அதே வீட்டில் ஓர் அறையில் தங்குபவருக்கு ‘நியாயமான அறிவிப்பு’ போதும்; வார வாடகை என்றால் ஒரு வாரம், மாத வாடகை என்றால் ஒரு மாதம் என்று வாடகைக் காலத்தையே அளவாக வைத்துக்கொள்வது வழக்கம். ஜெர்மனியின் உரிமையியல் சட்டம், உரிமையாளர் குடியிருக்கும் வீட்டிலேயே சாமான்களோடு வாடகைக்கு விடப்படும் அறைக்கு, மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் சொன்னால் அந்த மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும் என்கிறது. நம் 106-ஆவது பிரிவின் பழைய வடிவத்துக்கு இது அண்ணன் தம்பி மாதிரி. எனக்குப் பிடித்தது நியூயார்க் மாநிலம் 2019-இல் வீட்டுக்காரர்களுக்குப் போட்ட விதி: ஓராண்டுக்குக் குறைவாக இருந்தவருக்கு 30 நாள், ஓராண்டு கடந்தவருக்கு 60, இரண்டாண்டுக்கு மேல் என்றால் 90. வருஷக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்தவருக்கு, தூக்கிக்கொண்டு போக வேண்டியவை சாமான்கள் மட்டும் இல்லை. பால்காரர், மெஸ் கணக்கு, வேலைக்குப் போகும் பஸ், ஆதாரில் இருக்கும் முகவரி எல்லாமே அந்த வாசலோடு கட்டப்பட்டிருக்கும்.

போகிறவர் மேல் தவறு இருந்தால்? மூன்று மாதம் பங்கு தராதவருக்கும், குடித்துவிட்டு ராத்திரி கதவை உதைப்பவருக்கும் இவ்வளவு இரக்கம் தேவையா என்று கேட்பார்கள். பணம் தராதவருக்கு, பாக்கி அட்வான்ஸுக்குள் அடங்கும்வரை பொறுத்துவிட்டு, பிறகு பதினைந்து நாள் போதும். அடிதடி, திருட்டு, பெண்கள் தங்கும் வீட்டில் ஒருத்தியின் அனுமதியில்லாமல் ஆளைக் கூட்டிவருவது போன்றவற்றுக்கு நாள் கணக்கே தேவையில்லை; காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய விஷயம் அது. அப்போதும் சாமானைத் தெருவில் வீசுவதும், பூட்டை மாற்றுவதும், தண்ணீரை நிறுத்துவதும் கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை வீட்டுக்காரர்களுக்கே தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. கூட்டாளிக்கு மட்டும் அந்த உரிமை எங்கிருந்து வரும்?

பெண்களுக்கு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறைத்தோழியோடு பிணக்கு வந்தால் பையன் ஒருவன் போல நண்பன் கடையிலோ பஸ் ஸ்டாண்டிலோ நாலு நாள் ஓட்ட முடியாது. அவளுக்கு அடுத்த இடத்தின் சாவி கையில் இருக்க வேண்டும், பகலில் புறப்பட வேண்டும். நேரம் சொல்லாத கெடு அவளுக்குக் கெடுவே இல்லை.

2020 மார்ச் 29-ஆம் தேதி, ஊரடங்கு தொடங்கிய ஐந்தாம் நாள், ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது: தொழிலாளர்களையும் மாணவர்களையும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் உரிமையாளர் மேல் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். போவதற்கு வேறு இடமே இல்லாத நேரத்தில் போகச் சொல்வது குற்றம் என்று அரசே ஒப்புக்கொண்டது. அந்த நிலை ஊரடங்கில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. தனித்தனியாக ஒருவருக்கு அது எந்த வாரத்திலும் வரலாம்.

என் கூட இருந்த தம்பி பத்து நாளில் மூன்று வீடு பார்த்தார். முதல் வீட்டில் ஆவணிக்கு வரச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் இருந்த அம்மா ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, பிறகு மகன் துபாயிலிருந்து வருகிறான் என்று சொல்லிவிட்டார். “என்ன ஆச்சு?” என்று நான் கேட்டபோது, “ஒண்ணுமில்லண்ணே, சும்மாதான் கேட்டாங்க” என்றார். மூன்றாவது வீடு பிடித்திருந்தது. பதினைந்தாயிரம் அட்வான்ஸ் கேட்டார்கள். என்னிடம் அவருடைய எட்டாயிரம் இருந்தது. இருந்தது என்றால், சித்தி மகனின் கல்லூரிக் கட்டணத்தில் போயிருந்தது. பத்தாம் நாள் காலையில் அவர் பத்தமடைப் பாயைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டினார். சுவரில் அவர் அடித்த ஆணியில் தொங்கிய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தார். கடையின் பின்னாலிருந்த குடோனில் நாற்பது நாள் படுத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. அந்த நாற்பதாம் நாள்தான் நான் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இபி பில்லு என் பங்கு எவ்வளவுண்ணே?” என்று கேட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் யார் சேர்ந்தாலும் ஒரு கோடு போட்ட தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம், நானும் போடுகிறேன். போகச் சொன்னால் இரண்டு சம்பளத் தேதி தள்ளித்தான் போக வேண்டும், ஆடியும் மார்கழியும் கணக்கில் சேராது, சொல்கிற அன்றே பாதி அட்வான்ஸ், சாவி திருப்பித் தரும் அன்று மீதி. அவராகவே போவதென்றால் ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும். அந்தத் தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. பாதி அட்வான்ஸுக்கான பணம் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் தனியாகக் கிடக்கிறது.